கால்பூர்னியாவின் வீடு

பிரியமான தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோத்தகிரியில் விடாத தூறல், மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் வாசல்வரை இறங்கிவிடுகிறது. முழங்கால் வலி அப்படியேதான். பேத்தி லீவுக்கு வந்திருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது.

அவளுக்குக் கல்லூரியில் ஹார்ப்பர் லீயின் அமெரிக்க நாவல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' பாடம். ஹாஸ்டலில் ஒரே பிரதியை நாம் மாற்றி மாற்றிப் படித்தோமே! ஊட்டி அசெம்ப்ளி தியேட்டரில் கிரிகரி பெக் நடித்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டினால் அதில் வரும் வெள்ளைக்கார வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச் மாதிரி ஒருவரைத்தான் கட்டுவேன் என்றாய். எனக்கு அவர் என் அப்பா மாதிரியே தெரிந்தார்.

பேத்தி படித்து முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள். "பாட்டி, அட்டிகஸ் வீட்ல சமையல் செய்ற அந்தக் கறுப்பினப் பெண் கால்பூர்னியா வீட்டுக்கு இவங்கள்ல யாராவது போனாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எடுத்துத் தேடினேன். அட்டிகஸின் மகள் ஸ்கவுட் போக ஆசைப்படுகிறாள். அத்தை கூடாது என்கிறாள். "உங்களைக் கேட்கலை" என்று குழந்தை வெடிக்கிறாள். அட்டிகஸ் அவளை முதலில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். போய்வா என்று சொல்வதே இல்லை. சற்று நேரம் கழித்து, கால்பூர்னியாவை நிறுத்திவிடலாம் என்று அத்தை சொல்லும்போது அதே மனிதர்தான் முடியவே முடியாது, அவள் இந்தக் குடும்பத்தில் ஒருத்தி என்று உறுதியாக நிற்கிறார்.

அப்புறம் கோர்ட் காட்சி. பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் டாம் ராபின்சனுக்காக வாதாடி, வழக்கில் தோற்று அட்டிகஸ் வெளியே நடக்கும்போது மேல்மாடியில் இருக்கும் கறுப்பின மக்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். எத்தனை தடவை படித்தாலும் அங்கே எனக்குக் கண் கலங்கும். இந்தத் தடவை, அவர்கள் ஏன் மாடியில் இருக்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. கீழே அவர்களுக்கு இடமில்லை. டாமின் உயிருக்காக அப்படி வாதாடியவர் அந்த மாடியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2015இல் அதே பாத்திரங்களோடு ஹார்ப்பர் லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவல் வந்தபோது, நம் அட்டிகஸைக் கெடுத்துவிட்டார்கள் என்று பாதியிலேயே மூடிவைத்தேன். ஆனால் அவர் அதைத்தான் முதலில் எழுதினார். 'மாக்கிங்பேர்ட்' 1960இல் வந்தது. இப்போது 'வாட்ச்மேனை' முழுக்கப் படித்தேன். ஸ்கவுட்டுக்கு அதில் 26 வயது. சிறுமியாக உட்கார்ந்த அதே கோர்ட் மாடியிலிருந்து பார்க்கிறாள், கீழே நிறவெறிக் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதே நாவலில்தான் அவள் கால்பூர்னியா வீட்டுக்கும் போகிறாள். வளர்த்தவள் அவளிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். எங்களை வெறுத்தாயா என்று இவள் கேட்க, கிழவி வெகுநேரம் பேசாமல் இருந்து, கடைசியில் இல்லையென்று தலையை ஆட்டுகிறாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அப்பாவை உனக்குத் தெரியும். 1964இல் இந்தியாவும் சிலோனும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ஆபீஸ் வேலை முடிந்து வந்து ராத்திரியெல்லாம் மனு எழுதிக் கொடுப்பார். ஒருவரிடமும் காசு வாங்கமாட்டார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் அவர் நடந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். எனக்கு அது எவ்வளவு பெருமை!

ஆனால் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். வீட்டு வேலை செய்த ஆயா அதில்தான் காபி குடிப்பார், அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார். நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். ஐந்து வயது தம்பியை அவர் 'சின்னய்யா' என்றார். அப்பா தினமும் அந்த டம்ளரைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போனார்.

அட்டிகஸ்மேல் எனக்கு இருந்த பிரியம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. அப்பா மேலும்தான். ஆனால் அவர்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் பக்கத்திலேயே இருந்தவரை நான் பார்க்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

ஒரு உதவி செய். நீ ஒரு பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆயாவோடு தேயிலைச் சரிவில் இறங்கி அவர் வீட்டுக்குப் போய்வந்தாய். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த நான் ஒரு நாளும் போனதில்லை. அந்த வீடு எப்படி இருந்தது? உள்ளே என்ன இருந்தது, யார் யார் இருந்தார்கள், உனக்கு எதில் குடிக்கக் கொடுத்தார்? நினைவிருப்பதையெல்லாம் எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உன் கோத்தகிரிக்காரி