பேரனின் முழங்கை

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோவில் பேசும்போது பேரன் பால் டம்ளரை இடக்கையால் எடுத்தான். அவன் வலக்கைக்காரன் ஆச்சே என்று கேட்டேன். "முழங்கை லேசா வலிக்குது தாத்தா, சனிக்கிழமை பேஸ்பால் மேட்ச் இருக்கு, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போன வருஷம் அங்கே வந்திருந்தபோது அவன்தான் எனக்கு டாமி ஜானைப் பற்றிச் சொன்னான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் டீமின் இடக்கை பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். 1974 ஜூலையில் பந்தை வீசும்போது முழங்கை ஜவ்வு கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதோடு ஆட்டமே முடிந்த மாதிரிதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து இடது முழங்கை எலும்புகளில் கோத்துக் கட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பார், நடுவில் கயிறு மாதிரி புடைக்கும். அதுதான் அந்த நார். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. உன் அம்மாவுக்கு இல்லை.

1976இல் திரும்பி வந்தவர், 46 வயது வரை வீசினார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 ஆபரேஷனுக்கு அப்புறம். பேரனுக்கு அந்த 164தான் பெரிசு. எனக்கு 1975 பெரிசு. அந்த வருஷம் முழுக்க அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

அடிபட்டபோது அவருக்கு 31 வயது. நம் பையனுக்குப் பன்னிரண்டு. முழங்கையில் எலும்பு வளருகிற இடம் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். இந்த வயதில் ஜவ்வைவிட அதுதான் முதலில் அடிபடும். லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான், 66ஐ எட்டினாலே நாலு நாள் ஓய்வு. ஆனால் அவன் இரண்டு டீமில் வீசுகிறான். இந்த டீம் எண்ணுவது அந்த டீமுக்குத் தெரியாது. அதை நீதான் கூட்டிப் பார்க்கணும்.

காலேஜில் நானும் தோள்வலியை மறைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க வேகப்பந்து வீசினேன். டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். இன்றைக்கும் பரணிலிருந்து பெட்டியை இறக்க வலது கை மேலே போகாது. உனக்கு இதை நான் சொன்னதே இல்லை.

சரி, சனிக்கிழமை அவனை அனுப்பாதே. குழந்தைகளுக்கான எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு போன் பண்ணு. எவ்வளவு ராத்திரியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா