நாகசுரப் பட்டறைக்கு மாணவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது, கும்பகோணத்தில் வசிக்கும் எனக்குச் சொந்த வீட்டு விசேஷம் போன்ற மகிழ்ச்சி. வேறெங்கோ செய்த கருவியை அந்த ஊர்ப் பெயரில் விற்பதைத் தடுக்க அந்தக் குறியீடு உதவும். ஆனால், இன்று அங்கே பட்டறை நடத்தும் ஒருசில குடும்பங்களுக்குப் பிறகு அந்த வேலையைச் செய்ய யார் இருப்பார்கள் என்ற கவலை எனக்குத் தீரவில்லை.

சென்ற மாசியில், நாகசுரம் பயிலும் என் பேரனுக்குக் கருவி வாங்க அங்கே போயிருந்தேன். அறுபதைக் கடந்த ஆசாரி ஒருவர், கடைந்து வைத்த ஆச்சா மரத்துண்டில் நீண்ட இரும்புக் கம்பியால் துளையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று கடைவார், தூளை ஊதித் தள்ளுவார், குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், மறுபடி கடைவார். மேலே குறுகியும் கீழே போகப்போக விரிந்தும் செல்லும் அந்த உட்துளையில் ஒரு நூல் பிசகினாலும் சுரம் நிற்காது என்றார். இதைக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "கை படிய அஞ்சாறு வருஷம் ஆகும் சார். அதுவரைக்கும் வர்ற பையனுக்கு யார் சோறு போடுறது?" என்றார்.

பயிற்சி குறித்துப் பேசுவோர் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைவினைஞர்களுக்காக மத்திய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சரும் குயவரும் உண்டு. இசைக்கருவி செய்பவருக்குத் தனி இடம் இல்லை. தச்சர் என்று பதிந்துகொண்டாலும், அதன் அடிப்படைப் பயிற்சி ஒரு வாரத்துக்கு மேல் நீள்வதில்லை. நாகசுரப் பட்டறைக்குத் தேவைப்படுவது, ஓர் ஆசாரியிடம் ஒரு மாணவரை ஐந்தாண்டுகள் அமர்த்தி, மாணவருக்கு மாத உதவித்தொகையும் கற்றுக்கொடுப்பவருக்கு மதிப்பூதியமும் தரும் ஏற்பாடு. நம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம் வாசிக்க மூன்றாண்டுகள் கற்றுத் தருகிறார்கள். அதே அக்கறையில் ஒரு பங்கையாவது அதைச் செய்யும் கைகளுக்கும் காட்டக் கூடாதா?

வாசிப்பவரும் செய்பவரும் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று இருக்கிறது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் திமிரி நாகசுரம் வழக்கில் இருந்த காலத்தில், நாகசுர வித்துவான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தேவையைக் காதில் வாங்கிக்கொண்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தையும் துளைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். இன்று கச்சேரி மேடைகளில் நாம் கேட்கும், சுருதி தாழ்ந்த பாரி நாகசுரம் அந்த உழைப்பில் உருவானது. வித்துவானுக்கும் பட்டறைக்கும் இருந்த அந்த நெருக்கம் இப்போது குறைந்துவருகிறது. இசைக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரமாவது பட்டறையில் தங்கி, தாங்கள் வாசிக்கும் கருவி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கட்டும். ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து கருவியை வாசித்துச் சோதிக்கக் கற்கட்டும். திருவாவடுதுறையில், நாகசுரத்தின் முனையில் பொருத்தி ஊதும் சீவாளியைக் கட்டுவோரையும் இதில் சேர்க்க வேண்டும். நல்ல சீவாளி இல்லாவிட்டால் எந்த நாகசுரமும் பேசாது.

முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆசாரி, தொழில் கடன் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம், கணக்கேடு இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாம். வெளிநாட்டுக் கோயில்களில் வாசிக்கும் கலைஞர்கள் கேட்டும், ரசீது போட்டு உரிய முறையில் அனுப்பத் தெரியாததால், இடைத்தரகர் சொல்லும் விலைக்கே அவர் கொடுத்துவிடுகிறார். கணக்கு எழுதவும், கடன் படிவம் நிரப்பவும், செய்த கருவிக்குக் கூலி சேர்த்து விலை வைக்கவும் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஓராண்டுக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும். என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

மரமும் பெரிய சிக்கல். பல்லாண்டு உலர்ந்து இறுகிய ஆச்சா மரமே நாகசுரத்துக்கு உகந்தது. அது பழைய வீடுகளை இடிக்கும்போது உத்திரமாகவும் தூணாகவும் கிடைக்கிறது. தனி ஆளாக ஏலத்துக்குப் போனால் மர வியாபாரிகளோடு போட்டியிட முடியாது. பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளவும், பழைய அரசுக் கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை ஏலத்துக்கு முன் அந்தச் சங்கத்துக்கு நியாய விலையில் கொடுக்கவும் மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும்.

கணக்கு எழுதச் சொல்லித்தரும் பொறுப்பை நான் சித்திரை முதல் ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்த ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். மாணவருக்கான உதவித்தொகையைக் கலை பண்பாட்டுத் துறைதான் தர முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.