வழிகாட்டிச் செயலியை வாங்குமுன் அதற்கு இலங்கை தெரியுமா என்று பாருங்கள்

இரத்மலானையில் இயங்கும் விமானப் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பயிற்றுநர்களுக்கும், சிறு விமானங்களைச் சொந்தமாக வைத்துப் பறக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

மாணவர்கள் தனியாக மேற்கொள்ளும் நெடுந்தூரப் பறப்புகளுக்கு, டெப்லட்டில் இயங்கும் வழிகாட்டிச் செயலி ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பேச்சு சில மாதங்களாக நம்மிடையே நடந்துவருகிறது. அது நல்ல முயற்சி. மடியில் காகித வரைபடத்தை விரித்துவைத்து, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பென்சிலைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. நமது இருப்பிடம் திரையில் சிறு அடையாளமாக நகர்வதைக் காண்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இதுவரை என் காதில் விழுந்தவையெல்லாம் விலையையும் திரையின் அழகையும் பற்றிய பேச்சுகளே. செயலிக்குள் இருக்கும் இலங்கை எங்கிருந்து எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்று எவரும் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இச்செயலிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டின் வானத்துக்காகப் பிறந்தவை. ஸ்கைடெமன் ஐரோப்பாவில் பறப்போருக்காக உருவானது. ஓஸ்ரன்வேஸ், அவ்பிளான் இரண்டும் அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவை. இலவசமாகக் கிடைக்கும் அவேர், அமெரிக்க அரசு வெளியிடும் வரைபடங்களை நம்பியே இயங்குகிறது. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட் போன்றவை பல பிரதேசங்களுக்கான தரவை விற்றாலும், அமெரிக்காவில் சந்தாவோடு கிடைக்கும் வசதிகள் அனைத்தும் இங்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்: வானொலி அலைகளைப் பெறும் சிறு வாங்கி (ரிசீவர்) ஒன்றை இணைத்துவிட்டால் பறக்கும்போதே மழைமேகங்கள் திரையில் தெரியும் என்று விளம்பரங்களில் காண்கிறோமே, அந்த வானிலைத் தகவல் அமெரிக்காவில் தரை நிலையங்களிலிருந்து ஒலிபரப்பப்படுவது. புத்தளத்துக்கு மேலே அப்படி எதுவும் வந்து சேராது. ஆகவே அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நமது வான்பரப்பின் எல்லைகள், தடைசெய்யப்பட்ட பகுதிகள், வானொலி அலைவரிசைகள் ஆகியவற்றுக்கெல்லாம் மூல ஆவணம் நாட்டின் வான்பயணத் தகவல் வெளியீடான ஏ.ஐ.பி. மட்டுமே. அதில் செய்யப்படும் முக்கிய மாற்றங்கள், உலகம் முழுவதற்கும் பொதுவான 28 நாள் சுழற்சியில் நடைமுறைக்கு வருகின்றன. ஜெப்சன் போன்ற நிறுவனங்கள் இவ்வெளியீட்டைப் படித்துத் தம் தரவுத்தளத்தில் ஏற்றி விற்கின்றன. ஓப்பன்ஏஐபி போன்ற திறந்த தரவுத்தளங்களில் அதே வேலையை ஆர்வலர்கள் செய்கிறார்கள்; அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆயினும் ஒரு நாட்டைப் பற்றிய விவரத்தின் தரம் அந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. திரையில் இரண்டும் ஒரேமாதிரி வண்ணக் கோடுகளாகத்தான் தெரியும். எந்தக் கோடு எவர் கையால், எந்தத் திகதியில் வரையப்பட்டது என்பதை மாணவன் எப்படி அறிவான்?

இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. முதலில் பலாலியைத் தேடிப் பாருங்கள். 2019 ஒக்டோபரிலிருந்து அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்; செயலி இன்னும் பழைய பெயரோடும் பழைய விவரங்களோடும் காட்டினால் மற்றவை எவ்வளவு பழையனவாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அடுத்து, கொழும்பின் தாமரைக் கோபுரத்தைத் தேடுங்கள். ஏறத்தாழ 350 மீற்றர், அதாவது 1,100 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரம் தன் உயரத்தோடு தடையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? நில உயரத்துக்குப் பல செயலிகள் பயன்படுத்தும் தரவு, 2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து ராடாரால் அளந்தது. அன்று தாமரைக் கோபுரம் இல்லை. காலிமுகத்திடலுக்கு அப்பால் துறைமுக நகரமும் இல்லை, அங்கே கடல்தான் இருந்தது. ஆகவே தடைகளுக்கெனத் தனியான, புதுப்பிக்கப்படும் பட்டியல் இல்லாத செயலி, கடலோரமாக வடக்கே செல்லும் மாணவனுக்கு இக்கோபுரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. விமானப்படையின் பொறுப்பிலுள்ள தளங்களையும் பாருங்கள். சீனக்குடாவும் ஹிங்குராக்கொடையும் வெறும் ஓடுபாதைக் குறிகளாக மட்டுமே தெரிந்தால், அனுமதியின்றி அணுகக் கூடாத இடங்களை அவசரத்துக்கு ஒதுங்கும் திண்ணைகளென்று மாணவன் நினைத்துவிடுவான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைத்தது உயரம் பற்றிய விடயம். சில காலத்துக்கு முன் ஒரு செயலியைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக இரத்மலானைத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு திறந்தேன். கடல்மட்டத்திலிருந்து சில பத்து அடிகளே உயரமான அந்த இடத்தில், நான் கடலுக்கு அடியில் முந்நூறு அடி ஆழத்தில் நிற்பதாக அது காட்டியது. கருவி பழுதென்றே முதலில் எண்ணினேன். அது பழுதன்று. செய்மதிகள் தரும் உயரம், பூமியை ஓர் ஒழுங்கான நீள்கோளமாகக் கற்பனை செய்து, அதன் பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்கு ஏற்ப எங்கும் ஏறி இறங்கிக் கிடக்கிறது. அந்தக் கற்பனைப் பரப்பைவிட அது மிகத் தாழ்ந்து, நூறு மீற்றருக்கும் அதிகமாக இறங்கியிருக்கும் இடம் உலகில் வேறெங்குமன்று, நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அதனால் கொழும்பிலும் வேறுபாடு கிட்டத்தட்ட நூறு மீற்றர். அன்ட்ரொய்ட் கருவிகள் வழமையாகச் செயலிக்குக் கொடுப்பது இந்த நீள்கோள உயரத்தையே. அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றிக் காட்டுவது செயலியைச் செய்தவரின் கடமை. இந்த வேறுபாடு மிகச் சிறிதாக இருக்கும் நாடொன்றில் பரீட்சித்தவர்களுக்கு இக்குறை கண்ணில் படாமலே போயிருக்கும்.

உண்மை உயரத்தைவிடக் குறைவாகத்தானே காட்டுகிறது, மலையில் மோத வைக்காதுதானே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. கட்டுநாயக்கவுக்கு இறங்கிவரும் பெரிய விமானங்களுக்குக் கீழே இருக்குமாறு பணிக்கப்பட்ட ஒருவன், திரையை நம்பினால் முந்நூறு அடி மேலே போய் நிற்பான். அதைவிடக் கொடியது, ‘இது எப்போதும் முந்நூறு குறைத்தே காட்டும்’ என்று மனதுக்குள் கூட்டிப் பழகுவது. ஒருநாள் செயலியின் புதிய பதிப்பு அந்தக் குறையைச் சரிசெய்துவிடும். பழகிய மனம் கூட்டுவதை நிறுத்தாது. அப்போது 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலையைச் சூழ்ந்த மலைகளுக்கு மேலே அவன் வைத்திருப்பதாக நம்பும் இடைவெளியில் முந்நூறு அடி இல்லாமல் போயிருக்கும். விமானத்தின் உயரமானியே உயரத்துக்குச் சான்று என்பதை நீங்கள் அனைவரும் கற்பிக்கிறீர்கள். ஆயினும் கண் பெரிய எண்ணையே முதலில் பார்க்கும் என்பதையும் அறிவீர்கள்.

இங்கே 1974ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, கட்டுநாயக்கவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் மஸ்கெலியாப் பகுதியில் சப்தகன்னி மலைமீது மோதியதில், ஹஜ் யாத்திரிகர்களும் பணியாளர்களுமாக 191 பேர் உயிரிழந்தனர். விமான நிலையத்திலிருந்து தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பணிக்குழு தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதையே விசாரணை காரணமாகக் கண்டது. விமானத்திலிருந்த, ராடார் அலைகளால் வேகத்தை அளந்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தது அத்தவறுக்கு இடம்கொடுத்தது என்றும் கூறியது. அவர்கள் நம்பிய கருவிகள் அக்காலத்தில் நவீனமானவை. நம் மாணவனின் மடியில் இருக்கப்போவதோ எவரும் வான்தகுதிச் சான்று வழங்காத ஒரு டெப்லட்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வைஃபை மட்டுமுள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் வாங்கி கிடையாது. சிம் போடக்கூடிய மாதிரியையோ தனியான வாங்கியையோ வாங்க வேண்டும். ஐபேட்டைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பநிலை 35 பாகை வரை என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். ஏப்ரல் மதியத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, எஞ்சினை இயக்கக் காத்திருக்கும்போது நம் விமானி அறை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். எந்த வரைபடமும் வலையமைப்பு இன்றித் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பணம் கட்டுமுன், இலங்கைத் தரவின் மூலம் எது, அது 28 நாள் சுழற்சிக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படுகிறதா, தடைப் பட்டியல் உண்டா, காட்டப்படும் உயரம் எந்தப் பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது என்பவற்றை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஞாயிறு காலையொன்றில் தரிப்பிடத்துக்கு இரண்டு மூன்று செயலிகளையும் விமானிகளுக்கென அன்றன்று வெளியாகும் நோட்டம் (NOTAM) அறிவித்தல்களையும் நடப்பிலுள்ள ஏ.ஐ.பி.யையும் கொண்டுவந்து, தெற்கே கொக்கலை விமானத்தளம் வரையிலான பாதையை ஒவ்வொன்றிலும் வரைந்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்போம். பலாலிப் பாதையில் நான் குறித்துவைத்த வேறுபாடுகளையும், உயரம் பற்றிய என் குறிப்புகளையும் அன்று எடுத்துவருகிறேன். எந்த ஞாயிறு என்பதை நீங்கள் கூடிப் பேசித் தெரிவித்தால் போதும்.

இங்ஙனம்,
உங்களோடு பறக்கும் தனியார் விமானி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.