லொறியில் இருப்பவர் படிக்கக்கூடிய ஒரு தாள்

இலங்கை அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவையினருக்கும் திருகோணமலைத் துறைமுகத்தில் பொறுப்பாக உள்ளவர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வாஃப் கிளார்க்காக வேலை செய்தவன். சாமானை ஏற்றுவதும் இறக்குவதும் மற்றவர்கள். அதற்குரிய தாள்களைச் சரிபார்த்து, சுங்கத்திலும் துறைமுகக் கந்தோரிலும் கொடுத்து எடுப்பது என் வேலை. கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், இயந்திரப் பாகங்கள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். இடைக்கிடை ஏழாம் வகுப்புச் சாமானும் வரும். ஏழாம் வகுப்பு என்றால் கதிரியக்கப் பொருள். அதனோடு வரும் தாள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு, தொட்டிக்குள் சரக்கு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கும் கருவி ஒன்று வந்தது. உள்ளே சீசியம்-137. கட்டுநாயக்காவில் விமானத்தில் இறங்கி, அங்கிருந்து இரவோடு இரவாக லொறியில் புறப்பட்டது. விடிய ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். டிரைவர் கிண்ணியாக்காரர். உதவிக்கு வந்த பொடியன் மூதூர், வயது பத்தொன்பது.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆபத்தான சரக்கு வகைகளை அடையாளம் காட்டும் ஐ.நா. இலக்கமான யுஎன் 3332, சரக்கின் முறையான பெயர், வகுப்பு 7, எந்தக் கதிரியக்கத் தனிமம், 'விசேட வடிவம்' (எளிதில் சிதறாதபடி மூடி அடைத்தது) என்ற குறிப்பு, செயற்பாடு, அதாவது கதிரியக்கத்தின் அளவு, 3.7 கிகா பெக்கரல், இரண்டாம் மஞ்சள் லேபல், போக்குவரத்துச் சுட்டெண் 0.4, அனுப்புநரின் உறுதிமொழி, கையொப்பம், திகதி. அத்தனையும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் போக்குவரத்து விதிகள் கேட்கிறபடியே இருந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் லொறியைப் பார்த்தேன். பெட்டி பின்னால் இல்லை. முன்பக்கம், சீற்றுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் இருந்தது. பொடியன் தம்புள்ளையிலிருந்து அதைக் கட்டிப்பிடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்தபடி வந்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

"பெட்டி ஆடிக்கிட்டே வந்திச்சு சேர். விலை கூடின சாமான் எண்டாங்க. விழுந்திரும் எண்டு புடிச்சிக்கிட்டு வந்தன்."

அவன் செய்தது கவலையீனம் இல்லை. தனக்குத் தெரிந்தவரை மிகக் கவனமாகத்தான் நடந்திருக்கிறான். ஆட்களிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும், வண்டியின் பின்பகுதியில் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று தாளின் கடைசிப் பந்தியில் எழுதித்தான் இருந்தது. ஆங்கிலத்தில். டிரைவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு மடிப்பும் விழாமல் கொண்டுவந்திருந்தார். அது தொலையக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கணக்கைச் சொல்கிறேன், பெரிதாக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை. போக்குவரத்துச் சுட்டெண் என்பது பெட்டியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அளக்கும் கதிர்வீச்சு: மணிக்கு இத்தனை மில்லிசீவேட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பதை நூறால் பெருக்கி எழுதுவது. 0.4 என்றால் ஒரு மீற்றரில் மணிக்கு 0.004 மில்லிசீவேட். அது சொற்பம். ஆனால் பொடியன் ஒரு மீற்றர் தள்ளி இருக்கவில்லையே. இரண்டாம் மஞ்சள் லேபல் ஒட்டிய பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 0.5 மில்லிசீவேட் வரை இருக்க விதி இடம் கொடுக்கிறது. அந்த உச்ச அளவில் இரண்டு மணித்தியாலம் ஒட்டியிருந்தால் அந்த இடத்துக்கு ஒரு மில்லிசீவேட் சேர்ந்துவிடும். பொதுமக்களில் ஒருவருக்கு முழு வருடத்துக்கும் வைத்திருக்கும் எல்லை அந்த ஒரு மில்லிசீவேட்தான். இதனால் யாரும் நோயில் விழப்போவதில்லை. அவனும் நன்றாகவே இருக்கிறான். ஆனால் பெட்டியைப் பின்னால் கட்டியிருந்தால் அவனுக்கு இதில் பெரும்பகுதி சேர்ந்திருக்காது. இடையில் இருந்தது ஒரு பந்தி, அவனுக்குப் புரியாத மொழியில்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. முகவரகத்தின் போக்குவரத்து விதிகளில், எஸ்எஸ்ஆர்-6 என்ற ஆவணத்தில், 554ஆம் பந்தியைப் பாருங்கள். ஏற்றிச் செல்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கூற்றை அனுப்புநர் தாள்களோடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஏற்றுவது, அடுக்குவது, கொண்டுபோவது, இறக்குவது பற்றிய மேலதிக நிபந்தனைகள், பாதைக் கட்டுப்பாடுகள், அவசர ஏற்பாடுகள் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கூற்று எந்த மொழிகளில் இருக்க வேண்டும்? ஏற்றிச் செல்பவரோ உரிய அதிகாரிகளோ தேவை என்று கருதும் மொழிகளில். விதியே அப்படித்தான் சொல்கிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி நம் நாட்டில் அந்த அதிகாரி நீங்கள்தான். 'திருகோணமலைக்கு வரும், திருகோணமலையிலிருந்து போகும் ஏழாம் வகுப்புச் சாமானுக்குத் தமிழும் சிங்களமும் தேவை' என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி என்பதையும் இங்கே சொல்லலாம். ஆனால் நான் உரிமைப் பேச்சாக இதை எழுதவில்லை. கந்தளாய்ச் சந்தியில் லொறி ஒன்று புரண்டால் முதலில் ஓடி வருபவர் பேரவையின் அதிகாரி அல்ல. பக்கத்துக் கடைக்காரர், பொலிஸ்காரர், பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர். அவர்களில் ஒருவர் தமிழ் படிப்பார், ஒருவர் சிங்களம் படிப்பார். ஆங்கிலம் படிப்பவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பார் என்று நம்பி ஒரு ஏற்பாட்டைச் செய்யக் கூடாது.

லேபலில் மூன்று இதழ்ச் சின்னம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் விளங்காதா என்று கேட்கலாம். விளங்காது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்னம் சாதாரண மக்களுக்கு ஆபத்தை உணர்த்தவில்லை என்று கண்டுதான், முகவரகமும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவும் 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்து, 2007இல் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுவந்தன. சிவப்பு முக்கோணம், கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். அதுவும் கருவியின் உள்கூட்டில், கதிர்மூலத்துக்குக் கிட்ட ஒட்டுவதற்குத்தான். போக்குவரத்துப் பெட்டிக்கு அல்ல. ஆகவே லொறியில் போகும் பெட்டியைப் பொறுத்தவரை மிஞ்சி நிற்பது எழுத்துத்தான்.

1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றிலிருந்த சீசியம்-137ஐ என்னவென்று தெரியாமல் உடைத்து, நீலமாக ஒளிர்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அது போக்குவரத்தில் நடந்தது அல்ல. ஆனால் கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

தாளின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 ஏப்ரலில் யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு ஏற்றிய கப்பல் ஒன்று அறிவிக்காமல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தபோது அதை வெளியேறச் சொன்னீர்கள். சரியான முடிவு. கப்பலிடம் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிற பேரவை, லொறியில் போகிற பொடியனையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தமிழில் இப்படி எழுதி ஒட்டினால் சனம் பயந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அனுபவம் வேறு. புல்மோட்டை மணலில் மொனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அதைப் பற்றி எங்கள் பக்கம் எத்தனையோ கதைகள் உலாவுகின்றன. எந்த மணலுக்கு விதி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தமிழில் யாரும் எழுதிச் சொல்லாததால்தான் அந்தக் கதைகள் வளர்கின்றன. பெட்டி விஷயமும் அப்படித்தான். வெறும் பெட்டி திரும்பிப் போகும்போது, உள்ளே சாமான் இல்லை என்று காட்டும் யுஎன் 2908 என்ற இலக்கத்தோடு போகும். அதன் அர்த்தம் தெரியாமல் வீதித் தடையில் மணிக்கணக்காக மறித்து வைத்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

யுஎன் இலக்கம், தனிமத்தின் பெயர், பெக்கரல், உறுதிமொழி எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவற்றை மொழிபெயர்க்கப்போய்ப் பிழை விட வேண்டாம். ஏற்றிச் செல்பவருக்கான அந்த ஒரு பக்கம் மட்டும் போதும். பெரிய எழுத்தில், சாரதி கைக்கெட்டும் இடத்தில். பெட்டியை ஆட்கள் இருக்கும் பக்கம் வைக்காதே; பின்னால் கட்டு; அதன்மேல் இருக்காதே, படுக்காதே; விபத்து என்றால் ஆட்களைத் தள்ளி நிறுத்து, உடைந்திருந்தால் தொடாதே, இந்த இலக்கத்துக்கு அழை. அந்த இலக்கத்தில் நடுச்சாமத்திலும் தமிழும் சிங்களமும் பேசுகிற ஒருவர் இருக்க வேண்டும். அதே பக்கத்தின் பிரதி, சாமான் புறப்படுமுன் துறைமுகத்துக்கும் பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் போய்ச் சேர வேண்டும்.

இப்படியொரு பக்கத்தைத் தமிழில் எழுதி, கிண்ணியாவிலும் மூதூரிலும் லொறி ஓடும் சிலரிடம் வாசித்துக் காட்டி, விளங்காத சொற்களை மாற்றி வைத்திருக்கிறேன். 'கதிர்வீச்சு' என்பது எல்லோருக்கும் விளங்கியது. 'மேலதிக நிபந்தனை' ஒருவருக்கும் விளங்கவில்லை, அதை எடுத்துவிட்டேன். உங்கள் நிபுணர்கள் பார்த்துத் திருத்துவதற்காக அந்தத் தாளை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். சிங்களத்தில் எழுத உங்களிடமே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாஃப் கிளார்க் ஒருவர்
திருகோணமலை