தனியாகப் பார்த்தால் பூஜ்யம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோய்க்குக் காரணமான மரபணு மார்க்கர்களை (ஆளுக்கு ஆள் மாறுபடும் டிஎன்ஏ அடையாளங்களை) முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சுவையான எழுத்து. ஆனால் அந்த வரிசை எதை அளந்து வந்தது என்ற விவரம் இல்லை. புள்ளியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவனுக்கு அது உறுத்தத்தானே செய்யும்?

பெரும்பாலும் ஒவ்வொரு மார்க்கரையும் தனியே எடுத்து, நோயாளிகளிடம் அது கூடுதலாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மரபணுக்கள் ஒன்றை ஒன்று பாதிக்கும் இடத்தில் இந்தச் சோதனை ஏமாறும். அ, ஆ என இரு மார்க்கர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, ஒவ்வொன்றும் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் நோய். இரண்டும் இருந்தாலும், இரண்டுமே இல்லாவிட்டாலும் நோயில்லை என்று வையுங்கள். அ உள்ளவர்களில் பாதிப் பேர் நோயாளிகள்; இல்லாதவர்களிலும் பாதிப் பேர். தனித்தனியே இரண்டுக்கும் மதிப்பு பூஜ்யம். சேர்த்துப் பார்த்தாலோ யாருக்கு நோய் என்று பிசகாமல் சொல்லிவிடலாம்.

இது கரும்பலகைக் கணக்கு. இயற்கை இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது. ஆனாலும் முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸைப் பாருங்கள். 2011-ல் வெளியான ஆய்வில், இஆர்ஏபி-1 மரபணுவின் தாக்கம் எச்எல்ஏ-பி27 என்ற இன்னொரு மரபணு வகை உள்ளவர்களிடம் தெரிந்தது, இல்லாதவர்களிடம் தெரியவில்லை. காரணமும் ஊகிக்கக்கூடியதே: முன்னது புரதத் துணுக்குகளை அளவாக நறுக்குகிறது, பின்னது அவற்றைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது.

எல்லா ஜோடிகளையும் சோதித்துவிடலாமே என்றால், 5 லட்சம் மார்க்கர்களுக்குச் சுமார் 12,500 கோடி ஜோடிகள். அதனால்தான் பலர் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறைக்குப் போகிறார்கள்; மார்க்கர்களைக் கேள்விகளாக வைத்துக் கிளை கிளையாகப் பிரியும் பல முடிவு மரங்களைக் கணினியில் வளர்த்து, அவற்றின் கணிப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை அது. ஒரு மார்க்கரின் மதிப்புகளை ஆட்களுக்கிடையே சீட்டுப்போலக் கலைத்துவிட்டு, கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது அதில் ஒரு அளவுகோல். நல்ல யோசனைதான். ஆனால் கிடைக்கும் ஒற்றை எண்ணில் மார்க்கரின் சொந்தப் பங்கும் கூட்டாளியோடு சேர்ந்த பங்கும் கலந்தே கிடக்கும். பக்கத்துப் பக்கத்து மார்க்கர்கள் ஒரே தகவலைச் சுமந்தால் மதிப்பு அவற்றுக்குள் பங்குபோய், எல்லாமே சிறியவையாகத் தெரியும். மேலே சொன்ன அ, ஆ போன்ற ஜோடியோ, தனியே அடையாளம் காட்டாததால், லட்சக்கணக்கான மார்க்கர்களுக்கு நடுவே மரங்களின் கிளைப்பிரிவுக்கே தேர்வாகாமல் போகலாம்.

இனி இத்தகைய பட்டியல் வெளியிடும்போது, மார்க்கர்களைத் தனித்தனியே அளந்தார்களா, சேர்த்து அளந்தார்களா என்று அடியில் ஒரு வரி போடுங்கள். கடைசி இடத்து மார்க்கரை வாசகர் அவசரப்பட்டு ஒதுக்கமாட்டார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்