ராட்டினத்தின் உயரத்தை மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராட்சத ராட்டினத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் முதல் வரியில் உயரம்தான் நிற்கிறது. லண்டன் ஐ 135 மீட்டர், நம் சிங்கப்பூர் ஃபிளையர் 165 மீட்டர், லாஸ் வேகஸின் ஹை ரோலர் 167.6 மீட்டர், ஐன் துபாய் 250 மீட்டர். 2008இல் ஃபிளையருக்குக் கிடைத்த ‘உலகிலேயே உயரமானது’ என்ற பட்டம் 2014இல் லாஸ் வேகஸுக்கும் 2021இல் துபாய்க்கும் போய்விட்டது. ஒரு ராட்டினம் நகரத்தின் அடையாளமாக நிலைப்பதும் சில ஆண்டுகளில் கைவிடப்படுவதும் வேறு காரணங்களால் முடிவாகின்றன. அவற்றையும் உங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் கேட்க வேண்டியது, சக்கரம் நின்றுவிட்டால் மேலே இருப்பவர்களை எப்படி இறக்குவார்கள் என்பது. 2008 டிசம்பர் 23 அன்று ஃபிளையரின் கட்டுப்பாட்டு அறையில் மின்கசிவால் தீப்பிடித்தது. சக்கரம் நின்றது, 173 பேர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். பத்துப் பேர் கயிறு கட்டி இறக்கப்பட்டனர். அந்த உயரத்துக்கு ஏணி வண்டி எட்டாது. கயிற்றில் இறங்க முதியவர்களாலும் குழந்தைகளாலும் எளிதில் முடியாது. எனவே எல்லாரையும் இறக்க உண்மையில் ஒரே வழிதான் உண்டு: எப்படியாவது சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு கூண்டாக மேடைக்குக் கொண்டுவருவது. 2009 ஜனவரி இறுதியில் ஃபிளையர் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஜெனரேட்டர், சக்கரத்தை இழுத்துச் சுற்றும் விஞ்சுகள், புகையையும் வெப்பத்தையும் கண்டறியும் கருவிகள் எல்லாம் சேர்க்கப்பட்டிருந்தன.

‘மாற்று ஏற்பாடு இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லா நிர்வாகமும் ஆம் என்றுதான் சொல்லும். மாற்று மோட்டாரும் முதன்மை மோட்டாரும் ஒரே அறையில் இருக்கின்றனவா, ஒரே கம்பிவடத்தில் மின்சாரம் பெறுகின்றனவா என்று கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரே தீ இரண்டையும் எரித்துவிடுமானால் இரண்டு இருந்தும் பயனில்லை.

விஞ்சை வைத்துச் சுற்றும்போது எடைக் கணக்கும் உண்டு. ஃபிளையரில் 28 கூண்டுகள், கூண்டுக்கு 28 பேர். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும் ஒரு கூண்டில் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான மனித எடை. மேடைக்கு வரும் கூண்டுகளை வரிசையாகக் காலி செய்துகொண்டே போனால், பாதி வேலை முடியும் நேரத்தில் ஒரு பக்கம் பதினான்கு கூண்டுகள் வெறுமையாகவும் மறுபக்கம் பதினான்கு நிறைந்தும் இருக்கும். அதாவது சுமார் 27 டன் ஒரே பக்கம் தொங்கும். பிரேக்கும் விஞ்சும் இந்த நிலையைத் தாங்கும்படி கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். காலையில் முதல் சுற்றில் ஆள் ஏற்றும்போதும் இதே நிலை வரும் என்பதால்தான் அனுபவமுள்ள பணியாளர்கள் சில கூண்டுகளை விட்டுவிட்டு ஏற்றுகிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு அது வீண் தாமதமாகத் தெரிகிறது, அப்படி அல்ல.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் வெப்பமும் இடியும். கண்ணாடிக் கூண்டு மூடியது. குளிரூட்டி நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெகுநேரம் தாங்க முடியாது. 2010 ஜூலையில் ஃபிளையரின் மின்னமைப்பு ஒன்றை மின்னல் தாக்கிக் குளிரூட்டி பாதிக்கப்பட்டதால் ஏறத்தாழ 200 பேரை இறக்க வேண்டியிருந்தது. ஆகவே அவசர ஜெனரேட்டர் சக்கரத்தைச் சுற்றினால் மட்டும் போதாது, கூண்டுகளுக்குள் காற்றையும் அனுப்ப வேண்டும். தண்ணீரும் தொலைதொடர்பும் கூண்டிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது உலோகச் சோர்வு, அதாவது விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் வலுவிழந்து விரிசல் விடுவது. லண்டன், சிங்கப்பூர் ராட்டினங்கள் மிதிவண்டிச் சக்கரத்தைப் போன்றவை: அச்சிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிவடங்கள்தான் வெளிவளையத்தை வட்டமாகப் பிடித்திருக்கின்றன. வடம் கீழே வரும்போது ஒரு இழுவிசை, மேலே போகும்போது வேறொன்று. சுற்றுக்கு அரை மணி நேரம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை விசை ஏறி இறங்குகிறது. காற்றால் வரும் அதிர்வு இதற்கு மேல். விரிசல் பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கும். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக வைத்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மீயொலி அலையாலோ காந்தத் துகளாலோ சோதித்தால்தான் பிடிபடும்.

மெல்பர்ன் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. அங்கே 120 மீட்டர் ராட்டினம் 2008 டிசம்பரில் திறக்கப்பட்டு, நாற்பது நாளில் மூடப்பட்டது. எஃகில் விரிசல்கள். கடும் வெயிலே காரணம் என்று முதலில் சொன்னார்கள்; பிறகு வடிவமைப்பிலேயே குறை என்று தெரிந்தது. சக்கரத்தைப் புதிதாகக் கட்டி 2013 டிசம்பரில்தான் மறுபடி திறக்க முடிந்தது. 2021 செப்டம்பரில் நிரந்தரமாக மூடினார்கள். கொவிட் காலப் பயணத் தடைகளோடு, சுற்றிலும் எழுந்த உயர்மாடிக் கட்டடங்களையும் நிர்வாகம் காரணமாகச் சொன்னது.

அந்த இரண்டாவது காரணத்தை இங்குள்ளவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ராட்டினம் விற்பது காட்சியை. அக்காட்சி ராட்டின உரிமையாளருக்குச் சொந்தமல்ல. பக்கத்து நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை முடிவு செய்யும் நகரத் திட்டத்துக்குச் சொந்தம். லண்டன் ஐக்கு முன்னால் தேம்ஸ் ஆறும் நாடாளுமன்றமும் இருக்கின்றன. அவற்றை யாரும் மறைக்கப் போவதில்லை. ஐந்து ஆண்டுக்கே அனுமதி பெற்றுத் தொடங்கிய ராட்டினம் இன்றும் அங்கேயே சுற்றுவதற்கு அந்த இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நிலைத்திருப்பதற்கு உயரம் காரணமல்ல என்பதற்கு வியன்னா ராட்டினமும் சான்று: அது வெறும் 64.75 மீட்டர்தான். 1897இல் கட்டியது, 1944இல் எரிந்து, 1947இல் கூண்டுகளை 30இலிருந்து 15ஆகக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அதைவிட உயரமான 1893 சிகாகோ ராட்டினத்தை 1906இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

வருமானத்தைக் கணக்கிடுவோரும் இருக்கை எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. 28 கூண்டுகள், அரை மணி நேரம் என்றால் 64 விநாடிக்கு ஒரு கூண்டு மேடைக்கு வருகிறது. நிற்காமல் நகரும் கூண்டிலிருந்து 28 பேர் இறங்கி, உள்ளே துழாவிப் பார்த்து, மறு 28 பேர் ஏற வேண்டும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் வந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மணிக்கு 1,568 பேர் என்பது தாளில் மட்டுமே வரும் கணக்கு. திட்ட அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்தால் எவ்வளவு கழித்தார்கள் என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்கட்டும். நம் ஃபிளையரே 2013இல் கடன் சுமையால் நிர்வாகப் பெறுநர் (கடன் கொடுத்தவர்களுக்காகச் சொத்தைப் பொறுப்பேற்பவர்) கைக்குப் போய், மறு ஆண்டு விற்கப்பட்டது நினைவிருக்கும்.

சிங்கப்பூரில் கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென 2011இல் தனிச் சட்டமே வந்தது. அனுமதி பெறாமல் இயக்க முடியாது. அந்த அனுமதிக்காக நடக்கும் சோதனையில் எந்தப் பாகங்கள் பார்க்கப்பட்டன, எவை மாற்றப்பட்டன, ஆள் இறக்கும் ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது, எல்லாரையும் இறக்க எத்தனை மணி நேரம் ஆனது என்ற சுருக்கத்தை நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். மின்தூக்கிக்குள் சோதனைச் சான்றிதழை ஒட்டி வைக்கும் நகரத்தில் இது பெரிய கோரிக்கை அல்ல.

இப்படிக்கு,
பொறியியல் துறை வாசகர்,
சிங்கப்பூர்