சுமதிக்கு, கயல் விஷயமா

அன்புள்ள சுமதி,

உன் தீபாவளிக் கடிதத்துக்கே பதில் போடலைன்னு திட்டுவே. நேர்ல திட்டிக்கோ, இப்போ இதைக் கேளு.

நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுதுன்னு கயல் சொல்லிக்கிட்டே இருந்தா. ஸ்கேன்ல மண்ணீரல்ல 8 சென்டிமீட்டருக்கு ஒரு நீர்க்கட்டி. பிறவியிலேயே இருந்ததாம். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே"ன்னு மாமியார் ஆரம்பிச்சாச்சு.

ரத்தப் பரிசோதனையில சிஏ 19-9-ங்கற புற்றுநோய்க் குறியீட்டோட அளவு கூடியிருந்ததைப் பார்த்துட்டு, புற்றுநோயோன்னு ராத்திரி முழுக்க நான் தூங்கலை. இந்த மாதிரிக் கட்டியோட உள்சுவரே அதைச் சுரக்கும், பயப்படாதீங்கன்னு மறுநாள் டாக்டர் சொன்னார். நாய்கிட்டேருந்து வர்ற புழுக்கட்டியும் இல்லைன்னு ஆயிடுச்சு.

சின்னதா, தொந்தரவில்லாம இருந்தா அப்பப்போ ஸ்கேன் பார்த்தா போதுமாம். 5 சென்டிமீட்டரைத் தாண்டி, தொந்தரவும் கொடுத்தா ஆபரேஷன்தான். அடிபட்டா உடையலாம்னு கபடியை நிறுத்தியாச்சு. அதுக்குத்தான் மகாராணி என்கூடப் பேசறதில்லை!

முதல்ல பார்த்த சர்ஜன், மண்ணீரலையே எடுத்துடலாம், அது இல்லாம எத்தனையோ பேர் இருக்காங்கன்னார். இருக்காங்கதான். ஆனா ரத்தத்துல வர்ற கிருமியை வடிகட்டறதே மண்ணீரல்தானே, நிமோகாக்கஸ் மாதிரிக் கிருமி ரத்தத்துல கலந்தா அவங்களுக்குச் சில மணி நேரத்துலயே ஆபத்தாயிடும்டீ. சின்னக் குழந்தைகளுக்கு அப்படி ஆனதை கிங், ஷூமேக்கர்னு ரெண்டு டாக்டருங்க 1952-லயே எழுதியிருக்காங்க. காய்ச்சல் வர்றப்பல்லாம் காலம்பூரா பதறிக்கிட்டிருக்க என்னால முடியாது.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மாவைப் பிடிச்சுப்போச்சு. ஊசியால உறிஞ்சினா திரும்ப ஊறிடும், மேல்கூரையை மட்டும் வெட்டிவிட்டாலும் உள்சுவர் மிச்சமிருந்தா மறுபடி வரும்னாங்க. மருந்துச் சீட்டுக்குப் பின்னாடியே படம் போட்டாங்க: மண்ணீரலுக்குப் போற ரத்தக்குழாய் கிளைகிளையா பிரியுது, ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பங்கு. கட்டிப் பக்கத்துக் கிளையைக் கட்டினா அந்தப் பங்கு மட்டும் கறுத்து எல்லை தெரியும், அதையொட்டி வெட்டுவாங்களாம். கால்வாசியாவது மிஞ்சினா அது தன் வேலையைப் பார்க்குமாம். லேப்ராஸ்கோப்பிலேயே செய்யலாம். ரத்தம் நிக்கலைன்னா முழுசா எடுக்கவேண்டி வரும்னும் மறைக்காம சொன்னாங்க. அதனாலதான் அந்த மாதிரிக் கிருமிங்களுக்கான நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசியெல்லாம் 2 வாரம் முன்னாடியே போட்டாகணும். நாளைக்குப் போடறோம்.

இதுக்கே சம்மதம் சொல்லிட்டேன். அவர் இன்னும் "மூணாவதா ஒருத்தரைக் கேட்போமா"ன்னு இழுக்கறார். உனக்குத் தெரியாத ஆளா!

தேதி கிடைச்சதும் போன் பண்றேன், அந்த வாரம் கிளம்பி வா. மாமியாரைச் சமாளிக்க உன்னை விட்டா ஆளில்லை. முறுக்கு மட்டும் சுட்டு எடுத்துட்டு வந்துடாதே. வீட்டுக்கு ஒரு ஆபரேஷன் போதும்.

உன்,
மல்லிகா